அழைப்பது யார்? இறையழைத்தல் குறித்த கத்தோலிக்க விவாதங்கள்

பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் கத்தோலிக்க இளைஞர்கள் ஞானஒடுக்கங்களில் தவறாமல் சந்திக்கும் கேள்வி இது: கடவுள் உன்னை எதற்கு அழைக்கிறார்? குருத்துவத்துக்கா, துறவறத்துக்கா, திருமணத்துக்கா? கேள்வி எளிமையானது. ஆனால் அதற்குள் வேறு சில கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அழைப்பு ஒருவரின் உள்ளத்தில் எழுகிறதா, திருச்சபையின் வாயிலாக வெளியிலிருந்து வருகிறதா? கேட்ட அழைப்பை மறுப்பது பாவமா? மூன்று வழிகளிலும் சேராதவருக்கு அழைத்தலே இல்லையா?

ஏழு அருளடையாளங்களில் குருத்துவம், திருமணம் ஆகிய இரண்டும் இந்தக் கேள்வியோடு நேரடியாகப் பிணைந்தவை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இவ்விரண்டையும் பிறர் மீட்புக்குப் பணி செய்யும் அருளடையாளங்கள் என்று ஒன்றாக வகைப்படுத்துகிறது. எனவே இறையழைத்தலைப் பற்றிய விவாதம் பக்தி நூல்களோடு முடிந்துவிடுவதில்லை. ஒழுக்கவியலும் அருளடையாள இறையியலும் அதில் சந்திக்கின்றன. பதினாறு நூற்றாண்டுகளாக இதற்குச் சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு ஊற்றுகள்

தொடக்ககாலத் திருச்சபையில் குருத்துவ அழைப்பு பெரும்பாலும் மக்களின் குரலாகவே ஒலித்தது. 374இல் மிலான் நகர மக்கள் ஆயரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, கலவரம் மூளாமல் தடுக்க வந்த ஆளுநர் அம்புரோசையே ஆயராகக் கேட்டார்கள். அவர் அப்போது திருமுழுக்குகூடப் பெற்றிருக்கவில்லை. சில நாட்களுக்குள் திருமுழுக்கும் ஆயர் பட்டமும் பெற்றார். 391இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரக் கோவிலுக்குச் சென்ற அகுஸ்தீனை மக்கள் பிடித்து ஆயர் வலேரியுஸ் முன் நிறுத்தினார்கள். அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்காமல் வெறும் குருவானதற்காக அழுகிறார் என்று நினைத்து, அதுவும் விரைவில் கிடைக்கும் என்று சிலர் தேற்றினார்களாம். அவரோடு வாழ்ந்த போசிதியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. நாசியான்சு நகர கிரகோரியாரோ, தந்தை தமக்குக் குருப்பட்டம் கொடுத்ததும் ஊரைவிட்டே ஓடினார். பின்னர் திரும்பி வந்து, ஓடியதற்கான காரணங்களை நீண்ட உரையாக எழுதினார்.

இவர்களில் யாரிடமும் 'உனக்கு உள்ளத்தில் அழைப்பு கேட்டதா?' என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சமூகத்துக்கு மேய்ப்பர் தேவை, இவர் தகுதியானவர். அது போதுமானதாக இருந்தது. குறிப்பிட்ட திருச்சபைக்கென்று அல்லாமல் யாருக்கும் பட்டம் கொடுக்கக் கூடாது என்று 451ஆம் ஆண்டு கல்செதோன் பொதுச்சங்கம் விதித்ததும் இந்தப் பார்வையோடு ஒத்துப்போகிறது.

துறவறத்தின் கதை வேறு. எகிப்தின் அந்தோனியார் கோவிலில் நற்செய்தி வாசகத்தைக் கேட்டார். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார இளைஞனிடம் இயேசு சொன்னது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துறந்தார். இங்கே ஊரார் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வார்த்தை ஒருவரின் உள்ளத்தைத் தைத்தது, அவர் எழுந்து போனார். ஆனாலும் துறவறம் எப்போதும் தனிமனித முடிவாகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பெற்றோர் சிறுபிள்ளைகளை மடத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்துக்குப் புனித பெனடிக்ட் தம் ஒழுங்குநூலில் இடம் கொடுத்தார். 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், தந்தையின் நேர்ச்சையும் ஒருவரைத் துறவியாக்கும் என்று ஏற்றது.

குருவைச் சமூகம் தேடிப் பிடித்தது. துறவி தாமாகத் தேடிப் போனார். இந்த இரண்டு மாதிரிகளும் நெடுங்காலம் தனித்தனியே இருந்தன. 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் மேல்நிலைப் பட்டம் பெற்றோரின் திருமணம் செல்லாது என்று முடிவுசெய்த பிறகு, இலத்தீன் திருச்சபையில் குருவின் வாழ்வு துறவியின் வாழ்வை நெருங்கியது. வாழ்நாள் முழுதும் மணமின்றி இருக்க வேண்டிய ஒருவரை ஊரார் விருப்பத்துக்குப் பிடித்துக் கொடுக்க முடியாது. அவர் மனம் இசைய வேண்டும். பிற்காலக் குழப்பங்கள் பலவும் இந்த இரண்டு மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்ததால் விளைந்தவை என்று கொள்ள இடமிருக்கிறது.

உயர்ந்த வழி எது?

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் உரோமையில் ஜொவீனியன் என்ற துறவி, திருமுழுக்குப் பெற்ற கன்னியரும் கைம்பெண்களும் மணமானவர்களும் ஒரே தகுதி உடையவர்கள் என்று வாதிட்டார். திருத்தந்தை சிரீசியுஸ் அவரைக் கண்டித்தார். எரோணிமுஸ் 393இல் அவருக்கு எழுதிய மறுப்பு திருமணத்தையே பழிப்பதாக நண்பர்களையும் முகம் சுளிக்க வைத்தது. அகுஸ்தீன் நடுவழி தேடினார்: திருமணம் நல்லது, கன்னிமை அதனினும் நல்லது.

இந்தச் சூத்திரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1521இல் மார்ட்டின் லூதர் துறவற வார்த்தைப்பாடுகளுக்கு எதிராக நூல் எழுதி, எளிய உழைப்பும் குடும்ப வாழ்வும் இறைவனுக்கு உகந்த அழைத்தலே என்று வலியுறுத்தினார். 1563 நவம்பரில் திரிதெந்து பொதுச்சங்கம், மணவாழ்வைக் கன்னிமைக்கு மேலாக வைப்பவர்களைச் சபித்து விலக்கியது. அதே சங்கம் இன்னொரு பக்கத்தையும் கவனித்தது. பெண்களைக் கட்டாயப்படுத்திக் கன்னியர் மடத்தில் சேர்ப்பவர்களையும், தகுந்த காரணமின்றிச் சேரவிடாமல் தடுப்பவர்களையும் ஒருசேரக் கண்டித்தது. வார்த்தைப்பாடு கொடுக்குமுன் பெண்ணின் சுதந்திரமான விருப்பத்தை ஆயர் விசாரித்தறிய வேண்டும் என்றும் விதித்தது. வரதட்சணைச் சுமைக்கு அஞ்சி மகள்களை மடத்துக்கு அனுப்பிய ஐரோப்பியக் குடும்பங்களை நினைத்தால் இந்த விதியின் அவசியம் புரியும்.

அக்குவினாஸ், இஞ்ஞாசியார்

தொமினிக் சபையில் சேர்ந்ததற்காகக் குடும்பத்தாரால் ஓராண்டுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டவர் தாமஸ் அக்குவினாஸ். துறவற நுழைவைப் பற்றிய அவரது நிலைப்பாடு இன்றைய வாசகரை வியக்க வைக்கும். துறவறம் தன்னளவில் நல்லது. கிறிஸ்துவே அதை அறிவுரையாக வழங்கியிருக்கிறார். ஆகவே 'இது நல்லதுதானா' என்று நெடுநாள் ஆலோசிக்கத் தேவையில்லை என்கிறார். தூண்டுதல் அலகையிடமிருந்தே வந்தாலும் செய்யப்போகும் செயல் நல்லது என்பதால் பின்பற்றலாம் என்பதுவரை போகிறார். தடைகள் உண்டா, எந்தச் சபை என்பவற்றை மட்டும் ஆராய்ந்தால் போதும். தடைகளில் ஒன்றை அழுத்திச் சொல்கிறார்: தாய் தந்தையருக்கு வேறு ஆதரவே இல்லாதபோது அவர்களை விட்டுவிட்டுத் துறவறம் போவது முறையல்ல.

இந்தப் பார்வையில் கமுக்கமான உட்குரலுக்கு வேலை அதிகமில்லை. நற்செய்தியின் பொது அழைப்பே போதும். பலவீனமும் அங்கேதான். எல்லாருக்கும் பொதுவான அறிவுரை குறிப்பிட்ட ஒருவருக்கு எப்போது பொருந்தும் என்பதற்குத் தெளிவான அளவுகோல் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலைத் தர முயன்றவர் லொயோலா இஞ்ஞாசியார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், தேர்ந்துகொள்வதற்கு மூன்று வேளைகளை அவர் விவரிக்கிறார். ஐயத்துக்கே இடமின்றிக் கடவுள் உள்ளத்தை ஈர்ப்பது முதலாவது. ஆறுதலும் வறட்சியும் மாறி மாறி வரும்போது ஆவிகளைத் தேர்ந்து தெளிவது இரண்டாவது. மனம் அமைதியாக இருக்கையில் சாதக பாதகங்களை எடைபோடுவது மூன்றாவது. பயிற்சி தருபவர் எந்த வாழ்க்கை நிலையின் பக்கமும் பயிற்சி பெறுபவரைச் சாய்க்கக் கூடாது என்பதும் அவருடைய கண்டிப்பு. தவறாகச் செய்துவிட்ட, இனி மாற்ற முடியாத தேர்வை இறையழைத்தல் என்று பெயர்சூட்டிக்கொள்வது பிழை என்றும் எச்சரிக்கிறார். அதில் நல்வாழ்வு வாழ முயலலாம்; ஆனால் அது கடவுளின் அழைப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பிற்கால எழுத்தாளர்கள் பலர் இந்த எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள்.

அழைத்தல் கடனாக மாறியபோது

பதினெட்டாம் நூற்றாண்டில் அல்போன்சு லிகோரியார் இந்தக் கேள்விக்குக் கடுமையான தொனியைக் கொடுத்தார். அவர் நேப்பிள்சில் வழக்கறிஞராக இருந்து பின்னர் குருவானவர். 1732இல் இரட்சகர் சபையைத் தொடங்கியவர். அவரது வாதம் இது: ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒரு வாழ்க்கை நிலையை நியமித்து, அதற்கேற்ற அருள்களையும் ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த நிலையை விட்டு வேறொன்றைத் தேர்ந்தவருக்கு அந்தச் சிறப்பு அருள்கள் கிடைப்பது அரிது. ஆகவே மீட்பு அடைவதும் அரிது. அறிவுரைகள் தம்மளவில் பாவத்தின் பேரில் கட்டுப்படுத்துவதில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டாலும், நித்திய ஆபத்துக்குத் தன்னை உட்படுத்திக்கொள்பவரைக் குற்றமற்றவர் என்று சொல்வது கடினம் என்றார்.

இந்தப் பார்வைக்கு நேர்மையான ஓர் ஊற்று உண்டு. குடும்பச் சொத்துக்காகவும் வருமானத்துக்காகவும் தகுதியற்றவர்கள் குருப்பட்டம் பெற்ற காலம் அது. அதைத் தடுக்க வேண்டும் என்ற தவிப்பு அவர் எழுத்தில் தெரிகிறது. குருத்துவத்துக்கு அவர் கேட்ட அடையாளங்களும் தூய நோக்கம், கல்வியும் திறமையும், உண்மையான நற்குணம் என்று வெளியிலிருந்து சோதிக்கத்தக்கவைதாம். ஆனால் அவருடைய எழுத்துகள் பரவியபோது இந்த நிதானத்தைவிட அச்சமே அதிகம் பரவியது என்று தோன்றுகிறது. கடவுளின் விருப்பம் ஒரே ஒரு சரியான விடையுள்ள தேர்வுத்தாளைப் போலவும், விடை தவறினால் வாழ்க்கையே தவறியது போலவும் இளைஞர்கள் அஞ்ச நேர்ந்தது.

1912ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பிரான்சில் குருமடப் பயிற்சியைப் பெரிதும் வடிவமைத்த சுல்பீசியர் மரபு, குருத்துவ வாழ்வின்பால் உள்ளத்தில் எழும் ஈர்ப்பை முதன்மை அடையாளமாகக் கருதியது. லூயி பிரான்ஷரோ 1896இல் இதை நூலாக விளக்கினார். ஏர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் லாயித்தோன் 1909இல் வெளியிட்ட நூலில் இதை நேரடியாக மறுத்தார். குருத்துவ அழைத்தல் என்பது ஆயரின் அழைப்பே என்றார். அதற்கு முன்னால் ஒருவரிடம் இருக்க வேண்டியவை தகுதியும் நேரிய நோக்கமுமே தவிர, உட்குரல் அல்ல.

பெரும் சர்ச்சை எழுந்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் நியமித்த கர்தினால்கள் குழுவின் முடிவு 1912 ஜூலையில் ஏர் ஆயருக்கு அனுப்பப்பட்டது. அதன் சாரம் மூன்று: ஆயர் சுதந்திரமாகத் தேர்ந்துகொள்வதற்கு முன் பட்டம் பெற யாருக்கும் உரிமை இல்லை, குருத்துவ அழைத்தல், வழக்கமான முறையிலேனும், உள்ளார்ந்த ஈர்ப்பில் அடங்கியிருக்க வேண்டியதில்லை, நேரிய நோக்கமும், இயல்பாலும் அருளாலும் அமைந்த தகுதியும் இருந்தால் ஆயர் அழைக்கப் போதுமானது.

திருப்பட்டச் சடங்கே இந்தப் பார்வைக்குச் சான்று போல அமைந்திருக்கிறது. பட்டம் பெறுபவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவர் 'இதோ இருக்கிறேன்' என்ற பொருளில் பதில் சொல்லி முன்னே வருகிறார். இவர் தகுதியானவரா என்று ஆயர் கேட்கிறார். பொறுப்பாளர் சான்று சொன்ன பிறகே தேர்வை அறிவிக்கிறார். உள்ளத்தில் என்ன கேட்டது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அருளடையாள இறையியலும் இதற்கு அரணாகிறது. அழைத்தல் இல்லாமலே ஒருவர் பட்டம் பெற்றுவிட்டாலும் அவர் நிறைவேற்றும் திருப்பலி செல்லும். குருத்துவப் பணியிலிருந்து விலக்குப் பெற்றவர்கூடச் சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. அருளடையாளம் பொதுவெளியில் நிகழும் செயலை ஆதாரமாகக் கொள்கிறது, உட்குரலை அல்ல.

ஆனால் லாயித்தோனின் விடையும் முழுமையானதல்ல. ஒன்று, துறவறத்துக்கு அது அவ்வளவு எளிதில் பொருந்தாது. இரண்டு, தேர்வு செய்யும் நிறுவனம் தவறினால் என்ன ஆவது? 1555இல் கூடிய முதலாம் மெக்சிகோ சங்கம், அமெரிக்கப் பழங்குடியினருக்கும் கலப்பினத்தவருக்கும் பட்டம் கொடுப்பதைத் தடைசெய்தது. அழைப்பது ஆயர் மட்டுமே என்றால், கடவுள் ஒரு மக்களினம் முழுவதையும் அழைக்காமல் விட்டுவிட்டார் என்ற அபத்தமான முடிவுக்கு வரவேண்டியிருக்கும். சாதி ஊறிய இந்தியத் திருச்சபைக்கும் இந்தக் கேள்வி அந்நியமல்ல. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நீடிப்பதை இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான 2016ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022இல்தான்.

மூன்றாவது, பெண்கள். குழந்தை இயேசுவின் தெரேசா தம்முள் எழுந்த குருத்துவ ஆவலை எழுதி வைத்திருக்கிறார். இன்றும் அப்படி உணரும் பெண்கள் உள்ளீர்ப்பைச் சான்றாகக் காட்டும்போது, 1976ஆம் ஆண்டு வத்திக்கான் அறிக்கை, தனிப்பட்ட ஈர்ப்பு மட்டுமே அழைத்தல் ஆகிவிடாது என்று லாயித்தோனின் தர்க்கத்தை ஒத்த விடையையே தருகிறது. உள்ளீர்ப்புக் கோட்பாட்டை ஆதரிப்பவர்களும் மறுப்பவர்களும் தங்களுக்கு வசதியான இடத்தில் மட்டும் அதைக் கையாளும் ஆபத்து இங்கே தெரிகிறது.

1956இல் பன்னிரண்டாம் பத்திநாதர் இரு தரப்பையும் இணைக்க முயன்றார். இறை அழைப்பு, திருச்சபையின் அழைப்பு ஆகிய இரண்டும் அழைத்தலின் இன்றியமையாத கூறுகள் என்றார். இன்றுவரை அதிகாரபூர்வப் போதனை பெரும்பாலும் இந்த இணைப்பையே பின்பற்றுகிறது.

எல்லாருக்கும் அழைப்பு

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் விவாதத்தின் அடித்தளத்தையே மாற்றியது. 1964இல் வெளியான திருச்சபை பற்றிய ஏட்டின் ஐந்தாம் இயல், புனிதத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்கிறது. அழைத்தலின் வேர் திருமுழுக்கு. குருத்துவமும் துறவறமும் திருமணமும் அதன் கிளைகள். மணமானவரும் பொதுநிலையினருமான தேவசகாயம் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது தமிழ்க் கத்தோலிக்கர் கண்டது இந்தப் போதனையின் உருவத்தைத்தான்.

இதன் பலவீனத்தைச் சுட்டுவோரும் உண்டு. எல்லாருக்கும் அழைப்பு என்றால் தனி அழைப்புக்கு என்ன தனித்தன்மை என்று கேட்கிறார்கள். மேலைநாடுகளில் குருமாணவர் எண்ணிக்கை சரிந்ததற்கு இதுவும் காரணம் என்று சிலர் கருதுகிறார்கள். குடும்ப அளவு சுருங்கியது, சமய நம்பிக்கையின் தளர்ச்சி போன்ற பிற காரணங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எளிதல்ல. சங்கத்துக்குப் பின்னும் பழைய வரிசை முற்றிலும் மறையவில்லை. 1996இல் இரண்டாம் யோவான் பவுல் அர்ப்பண வாழ்வுக்கு ஒரு புறநிலை மேன்மை உண்டு என்று எழுதினார். அதே திருத்தந்தை 1981இல் திருமணமும் கன்னிமையும் அன்புக்கான அழைத்தலின் இரு வழிகள் என்று இணையாக நிறுத்தியிருந்தார். 1967இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த நிரந்தரத் திருத்தொண்டர் நிலையும், கீழைக் கத்தோலிக்க சபைகளின் மணமான குருக்களும் 'இதுவா அதுவா' என்ற பிரிவினையைத் தளர்த்துகின்றன.

மூன்று வழிகளிலும் அடங்காதவர்கள்

சுவிஸ் இறையியலார் ஹான்ஸ் உர்ஸ் வான் பல்தாசர் 1977இல் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவ வாழ்க்கை நிலைகளை இரண்டு அடிப்படைத் தேர்வுகளாகக் கூர்மைப்படுத்தினார். அப்படியானால் மணமும் செய்யாமல் வார்த்தைப்பாடும் கொடுக்காமல் வாழ்பவர்கள் எங்கே நிற்கிறார்கள்? மறைக்கல்வி ஏடு அவர்களைக் குடும்பம் பற்றிய பகுதியில் பரிவோடு நினைவுகூர்கிறது. தனி அழைத்தல் என்ற பெயரைத் தர அவசரப்படவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞருக்கு எழுதிய 2019ஆம் ஆண்டு மடலில், அவர்களும் திருமுழுக்கு அழைத்தலை வாழ்பவர்களே என்கிறார்.

வரலாறு இந்த வகைப்பாட்டை அடிக்கடி மீறியிருக்கிறது. பெனடிக்ட் ஜோசப் லாப்ரே பல துறவு மடங்களின் கதவைத் தட்டினார். எங்கும் நிலைக்க முடியவில்லை. ஐரோப்பியத் திருத்தலங்களைச் சுற்றிப் பிச்சையெடுத்து வாழ்ந்து 1783இல் உரோமையில் இறந்தார், 1881இல் புனிதரானார். லூயி மார்ட்டின் ஆல்ப்ஸ் மலை மடமொன்றில் சேர விரும்பினார். இலத்தீன் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னாளில் அவருடைய மனைவியான செலியும் கன்னியராக விரும்பினார், அவரும் ஏற்கப்படவில்லை. இருவரும் 1858இல் மணந்துகொண்டார்கள். அவர்களுடைய மகள்தான் மேலே குறிப்பிட்ட தெரேசா. 2015இல் தம்பதியர் இருவரும் ஒன்றாகப் புனிதராக அறிவிக்கப்பட்டார்கள். லிகோரியாரின் தர்க்கப்படி அவர்கள் தேடியது தவறான இடம் என்று சொல்லலாம். மடத்தின் கதவு தவறாக அடைக்கப்பட்டது என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று தீர்மானிக்க வெளியிலிருந்து வழியில்லை.

மறுப்பது பாவமா?

ஒழுக்கவியல் நோக்கில் இதுவே கூர்மையான கேள்வி. அறிவுரை கட்டளை அல்ல, ஆகவே மறுப்பு தன்னளவில் பாவமல்ல என்பது அக்குவினாஸ் மரபின் விடை. இறையியலார் கார்ல் ரானர் இதைச் சிக்கலாக்கினார். கடவுளின் விருப்பம் பொது விதிகளில் முடிந்துவிடுவதில்லை, குறிப்பிட்ட மனிதரை நோக்கியும் அது வருகிறது என்று இஞ்ஞாசியாரை ஆதாரமாகக் கொண்டு 1950களில் வாதிட்டார். அப்படியானால் தெளிவாக உணர்ந்த தனிப்பட்ட அழைப்பை மறுப்பது வெறும் அறிவுரையைத் தவறவிடுவது ஆகாது. மறுபக்கம், கடவுள் ஒருவருக்கு ஒரே பாதையைத்தான் வகுத்திருக்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை, பல நல்ல பாதைகளைத் திறந்து வைத்துத் தேர்வை மனிதரிடம் விட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. பணக்கார இளைஞன் வருத்தத்தோடு திரும்பிப் போனான் என்று சொல்லும் நற்செய்தி, அவன் கதி என்னவாயிற்று என்று சொல்லவில்லை. இரு தரப்பும் அந்த மௌனத்தைத் தமக்குச் சாதகமாகப் படித்திருக்கின்றன.

மதிப்பீடு

இந்த நீண்ட விவாதத்தில் ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. கட்டாயப்படுத்துவது தவறு என்பதில் திரிதெந்து முதல் இன்றைய சட்டத்தொகுப்பு வரை முரண் இல்லை. உள்ளீர்ப்பு மட்டும் போதாது. நிறுவனத்தின் தேர்வு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. திருமுழுக்கே அடித்தள அழைத்தல் என்பதை எந்தத் தரப்பும் இன்று வெளிப்படையாக மறுப்பதில்லை.

தீராதவை மூன்று. திருமணமும் தனிவாழ்வும் குருத்துவத்தைப் போன்ற அதே பொருளில் அழைத்தல்களா என்பது ஒன்று. கன்னிமையின் மேன்மையும் எல்லாருக்குமான புனித அழைப்பும் எப்படி ஒத்துப்போகும் என்பது இன்னொன்று. தனிப்பட்ட அழைப்பு மனச்சான்றை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது மூன்றாவது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு சொல்லலாம். அழைப்பது யார் என்ற கேள்விக்கான ஒவ்வொரு விடையும், தவறு நேர்ந்தால் யார் சுமப்பது என்பதையும் கூடவே தீர்மானித்துவிடுகிறது. உட்குரலே எல்லாம் என்றால் முழுச் சுமையும் பதினெட்டு வயது இளைஞரின் மனச்சான்றின்மேல் விழுகிறது. ஆயரின் தேர்வே எல்லாம் என்றால், தகுதியானவரைத் தள்ளியதற்கும் தகுதியற்றவரை ஏற்றதற்கும் நிறுவனம் கணக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் இணைக்கும் இன்றைய போதனை இறையியல் நோக்கில் நியாயமானதே. ஆனால் சுமையை இருவருக்கும் இடையே எப்படிப் பங்கிடுவது என்பதை அது இன்னும் தெளிவாக வகுக்கவில்லை. இனி வரும் விவாதம் அங்கிருந்து தொடங்கினால் பயன் தரக்கூடும்.